மூச்சு வாங்கும் இடங்கள்

சந்தையில் அவரை மூணுதரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலம் கூறுகிறவர்கள் எல்லாருமே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லித்தான் விலையை முடிப்பார்கள். இவர் மட்டும் மூன்றாவதைச் சொல்லுமுன் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே யாராவது ஒருவர் மனசு மாறி இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டுவிடுவார். விடியற்காலையில் வெங்காய மூட்டைமேல் ஏறி நின்றால் வெயில் ஏறும்வரை அந்த வாய் ஓயாது. தண்ணீர்கூடப் பேச்சுக்கு நடுவிலேயே குடிப்பார். தண்ணீர் சிந்தினாலும் சொல் சிந்தாது. "எல்லாருக்கும் நாக்குல எலும்பு இல்ல. இவருக்கு மட்டும் எலும்பு இருக்க வேண்டிய இடத்துல சக்கரம் இருக்கு" என்று மூட்டை தூக்குகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சந்தைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் பாதி வந்திருந்தது, கை பாதி வந்திருந்தது, நாக்கு வரவில்லை. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. பேப்பரை மனசுக்குள் முழுசாகப் படித்தார். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் உதடு அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு அலைந்தது. 'ப'வும் 'ம'வும்தான் பெரிய கண்டம். உதட்டோடு உதடு ஒட்ட வேண்டிய எழுத்துகள். அவற்றுக்கு முன்னால் நின்று, மூச்சை இழுத்து, உதட்டைக் கூட்டி, வாய்க்கால் தாண்டுகிறவர் மாதிரித் தாண்டுவார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் மருமகளைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தினமும் வாய்விட்டுப் படிக்க வைங்க. கதையோ கணக்கோ எதுவா இருந்தாலும் சரி. விட்டுட்டா இப்ப இருக்கறதும் போயிடும்."

வீட்டில் பேப்பரை எடுத்துக் கொடுத்தால் தள்ளிவிட்டார். "சுவ... சுவத்துக்கா... ப... படிக்கிறது" என்றார். அவ்வளவு பெரிய கூட்டத்தை வாயால் கட்டிப் போட்டவர், கேட்க ஆளில்லாத வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படிப்பதா? மனைவி மன்றாடிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மகன் கெஞ்சினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாயைத் திறக்க வைத்தது சுருக்கெழுத்து.

மருமகள் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வக்கீல் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்கிற அம்மாள், தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போவதாகச் சொல்லிவிட்டாள். வக்கீல் மருமகளைக் கூப்பிட்டு, "சர்டிபிகேட் கொண்டு வா, அந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா வெளியாளைத்தான் போடணும்" என்றார். வீட்டில் நாலு பேர் சம்பாத்தியம் மூன்றாகச் சுருங்கியிருந்த நேரம். அவளுக்குத் தன்மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மூன்றாவது தரமும் பார்க்கிற ஆள். சேர்ந்துதான் பார்ப்போமே என்று சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு நடந்தது சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஓர் அறையில். கீழேயிருந்து ரப்பர் ஒட்டுகிற வாசனை ஏறி வரும். சொல்லிக்கொடுத்த டீச்சர் பகல் முழுக்க ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இதே வேலையைச் செய்துவிட்டு, கன்னத்தில் தொண்டை மிட்டாயை அடக்கிக்கொண்டு வருவாள். மெல்லிய கோடு ஓர் ஓசை, அதையே அழுத்திப் போட்டால் வேறோர் ஓசை. வரிக்கு மேலே எழுதினால் ஒன்று, வரியில் உட்கார்ந்தால் ஒன்று, வரியை வெட்டினால் இன்னொன்று. கோடுகளைக் கற்றுக்கொள்ளவே கோடை முடிந்துவிட்டது. "கோடு தெரிஞ்சா போதாது. காது கேக்கறப்பவே கை போகணும். வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லி எழுதிப் பழகுங்க" என்றாள் டீச்சர்.

யாரைச் சொல்வது? மாமியாருக்குப் படிப்பு வராது. விடிவதற்கு முன் சந்தைக்குப் போய் அழுகலையும் நல்லதையும் பிரித்துப் போடுகிற வேலை. கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்தால் தூங்குவான். ரேடியோச் செய்தி, முதல் சொல்லை எழுதி முடிப்பதற்குள் வானிலைக்கு வந்துவிடுகிறது.

ஒரு காலை அவள் தானே முணுமுணுத்துக்கொண்டு தானே எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் இடது கையை நீட்டினார்.

"கு... குடு."

"என்ன மாமா, தண்ணியா?"

அவர் பயிற்சிப் புத்தகத்தைக் காட்டினார்.

மறுநாள் காலையில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் சந்தைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை வைத்த அந்தச் சட்டையை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யாரும் தொடவில்லை. பித்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். அவள் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் மாமியார் சந்தைக்குப் போன பிறகு, இவள் ஆபீசுக்குக் கிளம்புமுன், அவருக்கு வேலை நேரம்.

முதலில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தார்கள். அவர் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் முந்தைய சொல்லுக்கு உரிய கோட்டைத் தேடிப் பிடிப்பாள். "கடந்த ஆண்டில் நமது..." மூச்சு. "சங்கத்தின் உறுப்..." உதடு கூடும். "...பினர்கள்." ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை. சந்தைக்கு லீவு விட்ட ஒரு நாள் மாமியார் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "நொண்டிக்கு நொண்டி தோள் குடுத்த கதையா இருக்கு. ரெண்டு பேரும் எப்பதான் அடுத்த ஊர் போய்ச் சேருவீங்க?" என்றாள். மாமனார் சிரித்தார். கோணலாக இருந்தாலும் அது சிரிப்புதான். பேச்சுப் பயிற்சி அம்மாள்கூட ஆச்சரியப்பட்டாள். "என்ன மருந்து குடுக்கறீங்க?"

"ஆண்டறிக்கைங்க" என்றாள் மருமகள்.

*

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீச்சர் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தாள். நிமிடத்துக்கு எண்பது சொல். பிடித்தால் சர்டிபிகேட், விட்டால் இல்லை. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் டீச்சர் எல்லாரையும் தன் மேஜையைச் சுற்றி நெருக்கி உட்கார வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி படித்தாள். சீரான குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

மருமகளுக்கு எல்லாக் கோடும் தெரிந்திருந்தது. அதுதான் வேடிக்கை. தெரியாத சொல் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு தரம் கை தானாக நின்றது. நின்ற கையை உலுக்கி ஓட வைப்பதற்குள் டீச்சர் அடுத்த வாக்கியத்தில் இருந்தாள். பாதியில் அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

மற்றவர்கள் போன பிறகு டீச்சர் அவள் எழுதியதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"'என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்', இதை எப்படி எழுதணும்?"

"ஒரே இழுப்புல, டீச்சர். பென்சிலை எடுக்காம."

"தெரியுதில்ல? அப்ப ஏன் நடுவுல வெட்டியிருக்கே? இங்க பாரு, சேர்க்கக் கூடாத ரெண்டு சொல்லைச் சேர்த்திருக்கே. சேர்க்க வேண்டியதைப் பிச்சிருக்கே. இதுவும் சும்மா வந்த தப்பு மாதிரி இல்ல. எல்லா வரியிலயும் ஒரே மாதிரி வருது." விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனாள். "'ப'வுல ஆரம்பிக்கிற சொல் வந்தா அதுக்கு முன்னால நிக்கறே. 'ம' வந்தா நிக்கறே. வேற எதுக்கும் இவ்வளவு நேரம் நிக்கல. வீட்ல யாரு உனக்குப் படிக்கறது?"

அவள் பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"யாரோ மூச்சு வாங்கற இடத்துல எல்லாம் உன் பென்சிலும் மூச்சு வாங்குது. கையை அவங்க மாதிரியே பழக்கிட்டே."

"யாரும் படிக்கறதில்ல டீச்சர். நானே சொல்லி நானே எழுதறேன்."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை; பகல் முழுக்க எழுதிய கை, சாயங்காலம் முழுக்கப் பேசிய வாய். "யாரா இருந்தாலும் நிறுத்திடு. வேகமாப் படிக்கிற ஆளாப் பாரு. ஒரு மாசம் பெரிய விஷயமில்ல, கை மறந்துடும். இப்படியே போனா இந்தத் தடவை மட்டும் இல்ல, எந்தத் தடவையும் எண்பது வராது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.

மழையில் நடந்து வரும்போது மருமகள் அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். இந்தத் தடவை மட்டும் இல்ல, எந்தத் தடவையும். 'மட்டும்' என்ற சொல்லுக்கு முன்னால் கை நின்றது. மனசிலும் நின்றது.

*

வீட்டில் மாமனார் தூங்கிப்போயிருந்தார். அடுப்படியில் மாமியார் மறுநாள் கஞ்சிக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். லாரி அன்று சீக்கிரம் வந்திருந்ததால் கணவனும் கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றான் கணவன். "பக்குவமா."

"நீ பக்குவமா சொல்றதை நான் பாத்திருக்கேன்" என்றாள் மாமியார். "அந்த மனுசன் எழுந்ததும் என்ன கேக்கறாரு தெரியுமா உனக்கு? சட்டை எங்கேன்னு கேக்கறாரு. அது போச்சுன்னா வாயும் போச்சு."

"அதுக்கு இவ பரீட்சையை விட்டுடணுமா?"

"நான் விடச் சொன்னேனா? நாற்காலி போனா அடுத்த நாற்காலி யாரு குடுப்பா? நானும் எத்தனை நாளைக்குக் குனிஞ்சு நிமிர முடியும்? ரெண்டும் வேணும்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் எப்படி வரும்மா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா?"

"எனக்கு ஏதுடா மீசை."

மருமகள் துண்டைக் கொடியில் போட்டாள். "மாமாகிட்ட யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். காலையில மாமா படிக்கட்டும், நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால நீங்க எனக்கு வேகமாப் படிங்க. அது போதும்."

"நானா?" என்றான் கணவன்.

அவன் படிப்பு லாரி ஓட்டுகிற மாதிரியே இருந்தது. கிளம்பும்போது உறுமல், பிறகு ஒரே வேகம், மேடு பள்ளம் பார்ப்பதில்லை. ஆண்டறிக்கை, வரவேற்புரை, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே ஒரே பாதை. முற்றுப்புள்ளியில்கூட நிற்கமாட்டான்.

"ஏங்க, அங்க ஒரு வாக்கியம் முடியுது."

"முடியட்டும். வேகம்தானே கேட்டே?"

இரண்டு பக்கத்துக்குள் அவனுக்குக் கண் சொருகும். "மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தில்" என்று ஆரம்பித்து, கூட்டத்தில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே குறட்டைக்குப் போய்விடுவான். புத்தகம் மார்பில் ஏறி இறங்கும். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு ஓட்டம் வந்தது. காலையில் பழைய நடை, இரவில் புது ஓட்டம். ஒரே கைக்கு இரண்டு எஜமான்.

காலை வேளைகள்தான் சிரமமாக இருந்தன. மாமனார் தன்னால் முடிந்த வேகத்தில் படித்தார். முன்னைவிட எவ்வளவோ மேல். அவளோ அவர் வாயைத் திறக்குமுன்பே கோட்டைப் போட்டுவிட்டாள். புத்தகத்தில் அடுத்த சொல் என்ன என்று அவளுக்கு மனப்பாடம். போட்டுவிட்டு, பென்சில் நுனியைத் தாளில் வைத்தபடியே, எழுதுகிற மாதிரி விரலை லேசாக அசைத்துக்கொண்டிருப்பாள். 'ப' வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். உதடு கூடுவதைப் பார்க்காவிட்டால் நல்லது என்று தோன்றியது.

எத்தனையோ பேரின் முகத்தைப் படித்துப் பிழைத்தவரிடம் இதெல்லாம் எவ்வளவு நாள் செல்லும்? ஏலத்தில் யாரும் வாயால் மட்டும் கேட்பதில்லை. ஒருவன் புருவத்தைத் தூக்குவான், ஒருவன் துண்டைத் தோள் மாற்றுவான், ஒருவன் பீடியை இழுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பான். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது ஏலக்காரனுக்கு முதுகுப் பக்கம்கூடத் தெரியும்.

ஒரு நாள் அவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். மூச்சுக்கு நிறுத்தியதல்ல. வேண்டுமென்றே, சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியில் இருக்கும்போது, வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பார்த்தார். அவள் கை அவர் சொல்லாத சொல்லை எழுதி முடித்துவிட்டு அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா?"

அவர் புத்தகத்தை மூடினார். பேசுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நீ... வாங்க வந்தவ... இல்ல" என்றார். "சு... சும்மா... நிக்க வந்தவ."

ஏலத்தில் அப்படிச் சிலர் வருவார்கள். கையில் பையிருக்கும், முன் வரிசையில் நிற்பார்கள், தலையை ஆட்டுவார்கள். எதையும் வாங்க மாட்டார்கள். ஏலக்காரனுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

"மாமா, அப்படி இல்ல மாமா. டீச்சர்தான்..."

அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சட்டையை ஒற்றைக் கையால் கழற்ற நேரமாயிற்று. அவள் உதவிக்கு எழவில்லை. எழுந்திருக்க வேண்டுமோ என்று ஆபீஸ் போகிற வழியெல்லாம் யோசித்தாள்.

*

அதற்குப் பிறகு அவர் படிக்கவில்லை. பேசவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். அவளிடம் முகம் கொடுக்காமல் இல்லை. அவள் கஞ்சி வைத்தால் குடித்தார், அவள் பென்சில் சீவினால் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் கடையடைத்துவிட்டது.

"நீதான் திறந்து வச்சே, நீயே மூடிட்டே" என்றாள் மாமியார். சொன்ன பிறகு அவளே, "உன்னைச் சொல்லி என்ன, என் நேரம்" என்று முடித்தாள். முதுகில் தைலம் தேய்த்துவிடச் சொல்லித் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முதுகிலிருந்து வெங்காய வாசனை போவதே இல்லை. மருமகள் தேய்த்தாள். தேய்க்கும்போது கட்டை விரல் தானாக ஒரு கோடு போட்டது, அழுத்தி ஒன்று, மெல்லிசாக ஒன்று.

"என்னடி எழுதறே என் முதுகுல?"

"ஒண்ணுமில்ல அத்தை."

'மன்னிச்சிடுங்க' என்று எழுதியிருந்தாள். 'ம'வில் ஆரம்பிக்கிற சொல். கை கொஞ்சம் நின்றுதான் போயிற்று.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமியார் சந்தையிலிருந்து ஒரு கூடை தக்காளி கொண்டுவந்தாள். லாரியில் நசுங்கி வந்தது, யாரும் ஏலம் கேட்கவில்லை, பிரித்துப் போடுகிறவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்களாம். முன்னறையில் சாக்கை விரித்துக் கொட்டி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கணவன் கதவுப் பக்கம் படுத்திருந்தான். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. நல்லது, அரை நல்லது, இன்றே சமைக்க வேண்டியது என்று குவியல் பிரிந்தது. மாமனாரும் இடது கையால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துப் போட்டார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீட்டுக்கே சந்தையைக் கொண்டு வந்துட்டீங்க? எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"சும்மா குடுக்க இது என்ன சத்திரமா? ஏலம்" என்றாள் மாமியார். நாள்கணக்கில் வீட்டில் உறைந்து கிடந்த அமைதியை எப்படியாவது கிளற வேண்டும் என்று நினைத்தாளோ, இல்லை களைப்பில் வந்த விளையாட்டுதானோ, ஒரு தக்காளியைத் தூக்கிப் பிடித்தாள். "கேளுங்க கேளுங்க. தக்காளி. நல்ல தக்காளி. யாருக்கு வேணும்? பத்து. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்துக்கோ."

"இவ்வளவுதானா ஏலம்?" என்றாள் தையல்காரி.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி இந்த மனுசனுக்கு ஊரே மாலை போட்ட மாதிரி..."

மாமனாரின் முகம் சுருங்கியது. நல்ல சாப்பாட்டில் கல் கடித்தவர் முகம். ஒரு விலை கேட்டு, உடனே மூன்று தரமும் சொல்லி, சரக்கைத் தூக்கிக் கொடுப்பதா? அவர் மாமியார் கையிலிருந்த தக்காளியைப் பிடுங்கினார். முதுகு நிமிர்ந்தது. மூச்சை இழுத்தார்.

"வா வா வா, பத்து கேட்டாச்சு பத்து பத்து பத்து, பத்துக்கு மேல பன்னெண்டுன்னு சொல்லு, பன்னெண்டு, பின்னால நிக்கிற துண்டு பாத்துட்டேன், பதிமூணு பதிமூணு, மீசை முறைக்காதே மீசை முறைச்சா விலை இறங்காது, பதினாலு, மழையில நனைஞ்சு வந்த சரக்கு இல்ல மண்ணுல பொறந்து வந்த சரக்கு, பதினஞ்சு பதினஞ்சு..."

கணவன் எழுந்து உட்கார்ந்தான். மாமியாரின் கை தக்காளிக் குவியலில் அப்படியே கிடந்தது. 'ப'வும் 'ம'வும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன, ஒன்றுகூடத் தடுக்கவில்லை. உதடு எதையும் தேடவில்லை. அந்தச் சொற்கள் தேடிப் போக வேண்டிய இடத்தில் இல்லை. எத்தனையோ விடியற்காலைகளில் சொல்லிச் சொல்லி நாக்கின் அடியிலேயே படிந்து கிடந்தவை.

மருமகள் கையைத் துடைக்கக்கூட இல்லை. பென்சிலை எடுத்து, அகப்பட்ட பழைய பேப்பரின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். முதல் இரண்டு மூச்சுக்குப் பிடித்தாள். பிறகு விட்டாள். விட்டதை விட்டுவிட்டு ஓடினாள். தக்காளிச் சாறு தாளில் பட்டுக் கோடு கலைந்தது. நிற்கலாம் என்று கை பார்த்த இடத்தில் எல்லாம் அவர் நிற்கவில்லை. அவள் எழுதுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது, ஓரக்கண்ணால் பார்த்தார், பார்த்ததும் இன்னும் வேகம் கூட்டினார். அவர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

"...பதினெட்டு ஒரு தரம், பதினெட்டு ரெண்டு தரம்..." என்று வந்து நிறுத்தி, பழைய வழக்கப்படி எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தையல்காரி தன்னை அறியாமல், "பத்தொம்பது" என்றாள். அவளிடம் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை, கையில் நூல்கண்டு மட்டும்தான் இருந்தது.

"மூணு தரம்" என்று தக்காளியை அவள் மடியில் போட்டார்.

அவருக்கு மூச்சு வாங்கியது. மாமியார்தான் முதலில், "என்னங்க, பேச்சு வந்துடுச்சா?" என்றாள், மெதுவாக, பறவையை விரட்டிவிடாமல் கிட்டே போகிறவள் மாதிரி.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு கூடியது. பிரிந்தது. மறுபடி கூடியது.

"த... தண்..." என்றார். பிறகு டம்ளரைத் தட்டினார்.

மாமியார் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதுவாவது இருக்கே" என்று திரும்பவும் தக்காளியைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் மருமகள் பக்கம் கையை நீட்டினார். அவள் பேப்பரைக் காட்டிப் படித்தாள். பாதிக்குமேல் இல்லை. மீசை இல்லை, மண்ணில் பிறந்த சரக்கு இல்லை, பதினாறு இருந்தது, பதினேழைக் காணோம்.

"நிறைய விட்டுட்டேன் மாமா."

அவர் தலையாட்டினார். அவள் தோற்றதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. "நா... நாளைக்கு" என்றார்.

மறுநாள் காலை அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் பக்கத்தில் இல்லை. ஒரு வெங்காயம் இருந்தது. தினமும் ஏதாவது ஒன்று ஏலத்துக்கு வந்தது: வெங்காயம், விளக்கு, கணவனின் செருப்பு, ஒரு நாள் மாமியாரே. ("என்னைப் போயி இவ்வளவு மலிவா விட்டுட்டீங்களே" என்றாள், சந்தையிலிருந்து வந்து கேள்விப்பட்டபோது.) அந்தச் சொற்களில் ஒன்றுகூடப் பரீட்சையில் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இரவில் கணவனுடைய தூக்கக் கலக்கமான தீர்ப்புரைகள் சொல்லுக்கு. காலையில் மாமனாரின் ஏலம் கைக்கு. கை மூச்சு வாங்குவதை மறந்ததா இல்லையா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

*

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குழந்தைகள் உட்காருகிற பெஞ்சு, முழங்கால் இடித்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ நகராட்சியின் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிப் படித்தார். 'பொதுமக்கள்' என்று வந்தது. 'பராமரிப்பு' என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது, பழைய வீட்டு வாசலைக் கடக்கும்போது எட்டிப் பார்க்கிற மாதிரி. கை எட்டிப் பார்க்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கடைசி வாக்கியத்தில் ஒரு சொல் விட்டிருப்பாளோ என்று தோன்றியது. விட்டாளா இல்லையா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தாள். தெரியவில்லை.

வீட்டில் மாமனார் மட்டும்தான் இருந்தார். சட்டை போட்டிருந்தார். இன்று சரியான துளையில் பித்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"ப... ப... படிஞ்சுதா?"

ஏலத்தில் விலை படிந்ததா என்று கேட்பார்களே, அது.

"தெரியல மாமா. முடிவு வர நாளாகும். ரெண்டு தரம் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் கோணலாகச் சிரித்தார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பழக்கத்தில் பென்சிலைத் தேடினாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மடித்து வைத்திருந்த அன்றைய பேப்பரைப் பிரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வே... வேலை இல்ல. சு... சும்மா கேளு."

"சும்மா நிக்க வந்தவளை உங்களுக்குப் பிடிக்காதே மாமா."

"உக்... உக்காரு" என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கால், கை, தோள் எல்லாம் ஒரேயடியாகக் கனத்தன. அவர் வானிலையிலிருந்து ஆரம்பித்தார். "நாளை... ப... பரவலாக..." என்றார். நின்றார். உதட்டைக் கூட்டினார். "...ம... மழை."

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் முழங்காலில் தானாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. அவள் அதை உலுக்கவில்லை. விரலை முழங்காலிலேயே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.